கழட்டி வாங்கிய சால்வை

சால்வையைக் கண்டால் தெய்வசிகாமணிக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் யாராவது பளபளவென்று ஒரு சால்வையைப் பிரித்து உதறினால் போதும், பந்திக்குக்கூட நிற்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை வார்டு தேர்தலில் ஜெயித்த ஒருவர் ஆயுத பூஜையன்று அவருடைய டயர் கடைக்கு வந்து, ஆசையாக ஒன்றைப் போர்த்திவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அதையே எடுத்து ஜாக்கியில் வழிந்த கிரீசைத் துடைத்தார் தெய்வசிகாமணி.

பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் பதறிப் போனார். "இன்னாப்பா, சரிகை போட்ட துணிய இப்பிடிப் பண்ற?"

"போத்துனவனே திரும்பி வந்து கழட்டிகினு போறதுக்குள்ள நானே அழுக்காக்கிட்டேன்."

டிரைவர் வெளியூர்க்காரர், அவருக்கு விளங்கவில்லை. உள்ளூரில் எல்லோருக்கும் விளங்கும். விளங்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். தெய்வசிகாமணிக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

அவருக்கு இந்தப் புண்ணைக் கொடுத்தது பகலவனுக்குப் போர்த்திய ஒரு சால்வை. பகலவன் அவருடைய மனைவி செந்தமிழ்ச்செல்விக்குத் தம்பி. ஊரோரம் கூலிக்காரர்கள் குடியிருக்கும் கருணாபுரத்தில் பிறந்தவன். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கி முதுகு போய், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அமிர்தம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் மணலூர்பேட்டைப் பக்கம் வேனில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதுவரைக்கும் பையனுக்கு வீடு என்றால் பள்ளிக்கூட மைதானம்தான். கிழிந்த பந்தோ, துணிப் பந்தோ, எதுவும் கிடைக்காவிட்டால் கொட்டாங்குச்சியோ, காலில் ஏதாவது ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் கால் அவனை விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப்போனது. அங்கிருந்து சென்னை கால்பந்து லீக்குக்கு. பிறகு மாசச் சம்பளம் போட்டு, விமானத்தில் ஏற்றி, மாநிலம் மாநிலமாகக் கூட்டிப்போய் ஆடவைக்கும் ஒரு கிளப்புக்கு.

"நான் டயர கழட்டி மாட்டுனாதான் எனக்குச் சோறு. நீ டயர மாதிரி ஒன்ன ஒதைச்சிட்டு வந்தாலே சம்பளமா?" என்று தெய்வசிகாமணி கிண்டல் செய்வார். ஆனால் கடைச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கிளப் பனியனோடு மச்சான் நிற்கும் போட்டோவை மாட்டியிருந்தார்.

மச்சான் ஆடுவதை நேரில் பார்க்க அவர் ஒரே ஒரு தடவை சென்னை போனார். அன்றைக்கு மானம் போயிற்று என்றே நினைத்தார். பகலவன் அணி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு இவன் நடக்கிறான். பந்து அந்தப் பக்கம் போனால் நாலு எட்டு நகர்வான், நிற்பான், கையை நீட்டி யாருக்கோ வழி காட்டுவான். எதிராளிகள் நாய் மாதிரி ஓடி இரைக்கிறார்கள். இவன் பீச்சில் காற்று வாங்குகிறவன் மாதிரி இருக்கிறான். பின்வரிசையில் ஒருவன், "டேய் தாத்தா, ஓடுடா!" என்று கத்தினான். தெய்வசிகாமணி திரும்பி அவனை முறைத்தாரே தவிர, உள்ளுக்குள் அவரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்.

பிறகு எதிரணி ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். அதுவரை நடந்தவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. இங்கே பார்த்தால் இங்கே இருக்கிறான், கண்ணைச் சிமிட்டினால் அந்தக் கோடியில் இருக்கிறான். முடிகிற நேரத்தில் அவன் தள்ளிக் கொடுத்த பந்தில்தான் இரண்டாவது கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது தெய்வசிகாமணி விடவில்லை. "மொத பாதி பூரா காலாற நடந்துகினு இருந்தியே, இன்னாடா மச்சான் அது?"

"அப்ப ஸ்கோர் பாத்தியா மாமா?"

"பாக்காம இன்னா? ஒன்னுக்கு சைபரு."

"ஒன்னு யாருது? எங்களுது. அப்ப நான் இன்னாத்துக்கு அலையணும்? அவனுக்குதான் கோல் வேணும், அவன் ஓடட்டும். நான் என் எடத்துல நின்னு வழிய அடைச்சா போதும். அவனும் ஒன்னு போட்டுட்டானா, அப்ப கதையே வேற. அப்ப ஓடலன்னா நீ என்னைச் செருப்பால அடி."

சட்டைக்குள் போட்டிருந்த கறுப்பு நிறக் குட்டை பனியனை இழுத்துக் காட்டினான். முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. எவ்வளவு ஓடினான், எவ்வளவு வேகமாக ஓடினான் என்று அது பார்த்துச் சொல்லிவிடுமாம்.

"தோத்த மேட்ச்சுலதான் ஜாஸ்தி ஓடியிருப்பேன் மாமா. பெருசா ஜெயிச்சதுல கம்மியா இருக்கும்."

"அப்ப தோத்தவன்தான் யோக்கியன்னு சொல்லுமா அது?"

"வெறும் ஓட்டத்த மட்டும் பாத்தா அப்பிடித்தான் சொல்லும். அதனாலதான் எங்க கோச்சு மொதல்ல ஸ்கோர கேப்பாரு. அப்பால ஓட்டத்த பாப்பாரு." டீயை ஆற்றிக் குடித்தான். "ஒரு கோல் முன்னாடி இருந்தா மனசுல பயம் இருக்கும். அந்த பயம் ஓட வைக்கும். ரெண்டு கோல் ஆச்சின்னு வெச்சிக்கோ, நானே ஓடணும்னு நெனச்சாலும் கால் போய்ப் படுத்துக்கும். எவனும் வேணும்னு செய்யறது இல்ல. பெரிய பெரிய ஆட்டக்காரனுக்கும் அதே கதிதான். எனக்கு இந்த ரெண்டு கோலக் கண்டாதான் பயம்."

தெய்வசிகாமணிக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளுக்கு டயர் போட்டவர் அவர். ஏறும்போது டிரைவர் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். மலை முடிந்து தரை கண்ணுக்குத் தெரிந்ததும் பாட்டுப் போடுவான், பீடி பற்றவைப்பான். அவர் ஜாக்கி தூக்கிக்கொண்டு ஓடிப் பார்த்த கவிழ்ந்த வண்டியெல்லாம் அந்தக் கடைசி இறக்கத்தில் கவிழ்ந்த வண்டிகள்தான்.

அந்த இரண்டு கோல் சொந்த ஊரிலேயே வந்து சேர்ந்தது.

பொங்கல் டோர்னமெண்ட். உரக்கடை தீனதயாளன்தான் விழாக் குழுத் தலைவர், மைக்கும் அவர் கையில்தான். பகலவன் லீவுக்கு வந்திருந்தான். கருணாபுரம் பையன்கள் வந்து கையைப் பிடித்து இழுக்க, கிளப்பில் கேட்டு அனுமதி வாங்கி இறங்கினான். ஃபைனலில் எதிரணி வெள்ளிமலை. மரவள்ளி லாரியில் நின்றுகொண்டே மலையிறங்கி வந்தவர்கள். பாதிப் பேர் போட்டிருந்த பூட்ஸ் இரவல். இளவரசன் என்று ஒருவன் கேப்டன், முருங்கைக்காய் மாதிரி ஆள். "மலையில ஆடு மேய்க்கறவனுங்களுக்குப் பந்து இன்னாத்துக்குடா?" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். கருணாபுரத்தைப் பார்த்து மற்ற நாளில் இதைவிட மோசமாகச் சிரிக்கிற வாய்கள்தான் அவை. அன்றைக்கு மட்டும் கருணாபுரம் அவர்களுக்கு "நம்ம ஊர்" ஆகியிருந்தது.

நம்ம ஊர் இரண்டு கோல் போட்டது. ஒன்று பகலவன் போட்டது, இன்னொன்று அவன் கொடுத்து இன்னொருவன் போட்டது. மலைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார்.

தியாகதுருகத்தில் அவருக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. இங்கே சால்வை போர்த்தாமல் போனால் போட்டோ கிடைக்காது; முடிகிறவரை இருந்தால் அங்கே மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். தீனதயாளன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன சமயம் பார்த்து மைக்கைத் தட்டினார். "வெற்றி பெற்ற நமது கருணாபுரம் வீரர்களைக் கௌரவிக்க..." என்று ஆரம்பித்துவிட்டார். பட்டாசு வெடித்தது, மேளம் தட்டினார்கள், குழு ஆட்கள் சால்வைப் பையோடு மைதானத்துக்குள் இறங்கினார்கள். ரெஃப்ரி வெளியூர்க்காரர், கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பகலவன் ஓடிவந்தான். "அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். விசில் அடிக்கட்டும்ணா. இப்ப நிறுத்துனா கால் ஆறிப் போயிடும்ணா."

"தலைவருக்கு வேற நிகழ்ச்சி இருக்குப்பா. ரெண்டு கோல் இருக்கு, இனிமே இன்னா ஆவப் போவுது? நேரா நில்லு, போட்டோவப் பாரு."

பதினொரு பேருக்கும் போர்த்தினார்கள். கப்பை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட கல்யாணம் மாதிரி எல்லாம் முடிந்துவிட்டது. கருணாபுரம் பையன்கள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கயிற்றோரம் நின்ற அம்மாக்களையும் அத்தைகளையும் பார்த்துச் சிரித்தார்கள். மைதானத்தின் மறுபாதியில் மலைப் பையன்கள் குந்தி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இளவரசன் மட்டும் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு, இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விருந்தினர் கார் கிளம்பியது. பகலவன் தன் சால்வையைக் கயிற்றுக்கு அப்பால் நின்ற அமிர்தத்திடம் வீசினான். அவள் அதைப் பிடித்து, வெட்கப்பட்டுக்கொண்டே, தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

மிச்ச ஆட்டத்துக்கு மறுபடி விசில். வெள்ளிமலை ஓடியது. அது ஓட்டமே இல்லை, மலை சரிந்த மாதிரி இருந்தது. கருணாபுரத்துக்காரர்கள் பந்து தங்களைத் தாண்டிப் போவதைக் கல்யாண ஊர்வலம் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒரு கோல். பகலவன், "எழுந்திருங்கடா, எழுந்திருங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நின்றுகொண்டிருந்தவர்களைத்தான் அப்படிக் கத்தினான். இரண்டாவது கோல். அதற்குமேல் அவன் ஆடிய ஆட்டத்தைத் தெய்வசிகாமணி சாகிறவரை மறக்கமாட்டார். தடுப்பதும் அவன், தள்ளுவதும் அவன், ஓடுவதும் அவன். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான். அவன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை இளவரசன் எடுத்துக்கொண்டு போனான். மூன்றாவது கோல்.

முடிந்தது. மூணுக்கு ரெண்டு.

குழு வாங்கிவைத்திருந்ததோ ஒரே ஒரு செட் சால்வை. தீனதயாளன் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டு வாங்கினார். கடைசியாக அமிர்தத்திடம் வந்தார். அவள் தோளில் கையை வைத்து அதை உருவினார். "குடும்மா. ஜெயிச்சவனுக்குப் போடணும்."

பாதி உருவியதை அவளே கழட்டி, நாலாக மடித்துக் கொடுத்தாள். மடித்துக் கொடுத்தாள் என்பதை நினைக்கிற போதெல்லாம் தெய்வசிகாமணி கையிலிருக்கும் டயர் கழட்டும் கம்பியைத் தரையில் நங்கென்று இறக்குவார்.

அதோடு விட்டிருந்தாலும் போகிறது. தீனதயாளன் மைக்கில் சொன்னார்: "சென்னையில சம்பளத்துக்கு ஓடுற காலு, சொந்த ஊருக்கு நடந்துதான் வரும்போல இருக்கு." கூட்டம் சிரித்தது. ஒரு சிரிப்பு போதும், மறுநாள் காலையில் அது வளர்ந்து ஆளாகிவிட்டது. பகலவன் மேட்ச்சை விற்றுவிட்டான். நடந்தானா இல்லையா? கண்ணால் பார்த்தோமே. ரெண்டு கோலோடு நின்றானே. ஓடியதை ஒருவனும் பார்க்கவில்லை; நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"மலைக்காரன்கிட்ட வாங்கிட்டான்பா," என்றான் டீக்கடையில் ஒருவன்.

"இன்னாத்தடா வாங்குனான்?" தெய்வசிகாமணி டீ கிளாஸோடு எழுந்தார். "லாரியில நின்னுகினு வந்தவன் இவனுக்கு இன்னாத்தடா குடுப்பான்? தேனா, கடுக்காயா? சொல்லுடா!" கிளாஸ் சுவரில் உடைந்தது. அந்தக் கடையில் அவருக்கு அதோடு டீ இல்லை.

நடுவில் சால்வை போர்த்தியவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டத்தைக் கொன்றது அந்தத் துணி. பழி மட்டும் பகலவனுக்கு.

அதற்குப் பிறகு பகலவன் ஊருக்கு வரவில்லை. பொங்கல் வந்தது, போனது; தீபாவளி வந்தது, போனது; செல்போனில் முகத்தைக் காட்டினான். குழாயடியில் எவளோ, "உம் புள்ள ஓடுவானா நடப்பானா?" என்று கேட்டதற்கு அமிர்தம் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். தீனதயாளன் உரக்கடையை இரண்டு மாடியாக்கினார்.

இந்த வருசம் பகலவனுக்கு முட்டி போய்விட்டது. இனி ஆடமுடியாது என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கோவாவில் ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது. ஆட்டக்காரர்கள் போடுகிற அந்தக் கறுப்புப் பனியன் சொல்வதைப் பார்த்து, எவன் களைத்திருக்கிறான், எவன் ஏய்க்கிறான் என்று கோச்சுக்குச் சொல்லும் வேலை. அம்மாவையும் கூட்டிப்போய்விடலாம் என்று ஊருக்கு வந்தான்.

வந்தது எப்படித்தான் தெரிந்ததோ, தீனதயாளன் டயர் கடை வாசலில் காரை நிறுத்தினார்.

"இன்னா தெய்வம், சௌக்கியமா?"

"பஞ்சரா?" தெய்வசிகாமணி நிமிரவில்லை.

"கோவம் இன்னும் போவலியா உனக்கு? நம்ம புள்ள வந்திருக்கானாமே. நாளைக்கு டோர்னமெண்ட் தொடக்க விழா. ஃபிளக்ஸ்ல அவன் படம் போட்டாச்சு. மண்ணின் மைந்தன்னு."

"மண்ண வாரிப் போட்டது நீ. மைந்தன் மட்டும் ஊருக்கா? போய்யா, மேல டயர் உருண்டுடப் போவுது."

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பகலவன் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தான். "வரேண்ணா," என்றான்.

கார் போன பிறகு தெய்வசிகாமணி கத்தினார். "உங்கம்மா மடிச்சிக் குடுத்தாடா! மறந்துட்டியா?"

"மறக்கல மாமா. எனக்கு மைக் வேணும். அது அவராண்டதான் இருக்கு."

மறுநாள் மேடையில் தீனதயாளன் பெரிய மனசு காட்டினார். "அன்னிக்கு ஏதோ நடந்துபோச்சு. வயசுக் கோளாறு. ஊரு உன்னை மன்னிச்சிடுச்சுப்பா," என்று மைக்கிலேயே சொல்லிச் சால்வையை விரித்தார். மன்னிப்பாம்! கீழே நின்ற தெய்வசிகாமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடைப் படி ஏறிவிட்டார். பகலவன் ஒரு கையால் சால்வையைத் தோளில் படுமுன் பிடித்தான், இன்னொரு கையால் மைக்கை வாங்கினான், கண்ணாலேயே மாமனைப் படியில் நிறுத்தினான்.

"யாரும் என்னை மன்னிக்க வேணாம். நான் எதையும் விக்கல. அன்னிக்கு ஜெயிச்சது..." என்று ஆரம்பித்தான்.

தீனதயாளன் மைக்செட்காரரைப் பார்த்தார். அடுத்த நொடி நாலு ஸ்பீக்கர் குழாயிலும் பாட்டு அலறியது. பகலவன் வாய் அசைந்துகொண்டிருந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தான். சால்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான்.

இரண்டு நாள் தள்ளி பஸ் ஸ்டாண்டில் அமிர்தத்தை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, மச்சானும் மாமனும் கீழே நின்றார்கள். தெய்வசிகாமணிக்கு இன்னும் தணியவில்லை. "அந்த மைக்செட் ஒயர புடுங்கிப் போட்டிருப்பேன். நீதான் விடல. ஊரு முன்னாடி உன் பேர நீ மீட்டிருக்கணும்."

"என் பேரயா? நான் சொல்ல வந்தது அது இல்ல மாமா."

"அப்ப?"

"நான் வித்துட்டேன்னு சொல்றாங்களே, அதுல என் பேரு மட்டுமா போச்சு? இளவரசன் ஓடுனது இன்னா ஆச்சி? ரெண்டு கோல் பின்னாடி நின்னுகினு, எதிர்ல நாங்க கப்பு வெச்சி போட்டோ புடிக்கறத பாத்துகினு, அதுக்கு மேல எழுந்து ஓடுனானுங்க பாரு. அப்பிடி ஒரு ஓட்டம் நான் சம்பளம் வாங்கி ஆடுன எந்த கிரவுண்டுலயும் பாத்தது இல்ல. எங்க காலு படுத்துகிச்சி, என்னுதும்தான். அவனுங்களுக்குப் படுக்கல. அவ்ளோதான் மேட்ச்சு. அவனுங்களுக்குப் போத்துனது எங்க வேர்வத் துணி. ஊரு குடுத்த பேரு, காசு குடுத்து ஜெயிச்சவன்."

இத்தனை வருசம் எரிந்த எரிச்சலில் அந்த மலைப் பக்கம் தெய்வசிகாமணியின் நினைப்பு ஒரு தடவைகூடப் போனதில்லை. கோபம் இறங்கவில்லை. இன்னும் ஒரு மடங்கு ஏறியது.

கண்டக்டர் விசில் அடித்தார். பகலவன் பையிலிருந்து அந்தச் சால்வையை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"சீ, இத எங்கிட்ட எதுக்குடா குடுக்கற? எனக்கு இது ஆவாதுன்னு தெரியாதா?"

"யார் தோள்லயும் படல மாமா, புதுசு." படியில் ஏறி நின்றான். வண்டி நகர்ந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கத்தினான். "வெள்ளிமலை சந்தையில இளவரசன் மரவள்ளி லோடு ஏத்திகினு இருப்பான். சந்தை நாளா பாத்து, கூட்டம் இருக்கற நேரமா பாத்து ஏறிப் போ. மொதல்ல ஸ்கோர சொல்லு. மூணுக்கு ரெண்டு, வெள்ளிமலை ஓடி ஜெயிச்சிதுன்னு சத்தமா சொல்லு. சொல்லிட்டு அப்பால போத்து மாமா."